இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் அப்பப்பாவின் அண்ணனைத் தேடுவதற்கு முன், திருகோணமலையில் தேட வேண்டியவை

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பப்பாவின் அண்ணன் வாலிப வயதிலேயே கப்பல் வேலைக்குப் போய், இங்கிலாந்தில் இறங்கி, பிறகு ஊர் திரும்பவே இல்லையாம். 1921 ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குடிசன மதிப்பு இப்போது பெயர் விபரங்களோடு எல்லோருக்கும் திறந்திருக்கிறதாமே, அதில் அவரைக் கண்டுபிடிக்கலாமா என்பது முதல் கேள்வி. இதே மாதிரி நம் நாட்டுப் பழைய குடிசன மதிப்பிலும் பூட்டன், கொப்பாட்டன் பெயர்களைத் தேட முடியுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில்: தேடலாம், ஆனால் இப்போதே தேடத் தொடங்காதீர்கள். இரண்டாவதுக்கு: முடியாது. இரண்டும் ஏமாற்றமான பதில்களாகத் தெரியும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லப்போகும் மாற்று வழிதான் முதல் கேள்விக்கும் வழி திறக்கும்.

முதலில் அந்த 1921 கணக்கெடுப்பு என்ன என்று பார்ப்போம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான அந்தக் கணக்கெடுப்பு 1921 ஜூன் 19 இரவு எடுக்கப்பட்டது. ஏப்ரலில் எடுக்க இருந்தார்கள், சுரங்கத் தொழிலாளர் பிரச்சினையால் தள்ளிப்போனது. நூறு வருடம் மூடி வைத்திருந்து 2022 ஜனவரி 6 ஆம் திகதி ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற தளத்தின் மூலம் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3 கோடி 80 லட்சம் பேரின் விபரம் அதில் இருக்கிறது. ஒவ்வொருவரின் பெயர், வீட்டுத் தலைவருக்கு என்ன முறை, வயது எத்தனை வருடம் எத்தனை மாதம், பிறந்த இடம், தொழில், யாரிடம் வேலை, வேலைத்தலம் எங்கே என்பதுவரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். வேலை கொடுத்தவரின் பெயரைக் கேட்டது அந்தத் தடவைதான் முதல். ஸ்கொட்லாந்தின் 1921 கணக்கெடுப்பு தனியாக, 2022 நவம்பர் கடைசியில் வேறொரு அரச தளத்தில் வந்தது. கப்பல்காரர் என்றால் கிளாஸ்கோ, லீத் துறைமுகங்களையும் நினைக்க வேண்டும், அதனால் இதை மறந்துவிடாதீர்கள். அயர்லாந்தில் அந்த வருடம் போர்ச் சூழலால் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

1921 ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதற்கு அடுத்த 1931 கணக்கெடுப்பின் படிவங்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் நடந்த தீ விபத்தில் முழுதாக எரிந்து போயின. 1941 இல் யுத்தம் காரணமாக எடுக்கவே இல்லை. ஆகவே அடுத்து எஞ்சியிருப்பது 1951, அது நூறு வருடம் முடியும்வரை திறக்காது. நடுவில் இருப்பது ஒன்றுதான். யுத்தம் தொடங்கியதும் அடையாள அட்டை கொடுப்பதற்காக 1939 செப்டெம்பர் 29 இல் எடுத்த பதிவேடு. அதில் வயதுக்குப் பதிலாகப் பிறந்த திகதியையே முழுதாக எழுதினார்கள். இந்த விபரத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, அப்படியானால் ஏன் உடனே தேட வேண்டாம் என்கிறேன்? நீங்கள் தேடிப் பார்த்தால் எதிரே வருவது யார் என்று உங்களுக்கே அடையாளம் தெரியாது, அதனால்தான். உங்கள் கையில் இப்போது இருப்பது வீட்டில் கூப்பிட்ட ஒரு பெயர், "கப்பலில் போனார்" என்ற ஒரு செய்தி, அவ்வளவுதான். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. இங்கிலாந்துப் படிவத்தில் எழுத்தர் எதைக் குடும்பப் பெயராக எடுத்தார் என்பது அந்தந்த எழுத்தரின் எண்ணம். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகியிருக்கலாம், அவருடைய சொந்தப் பெயரே ஆகியிருக்கலாம், நீளமான பெயரைப் பாதியாக வெட்டி ஒரு துண்டை எடுத்திருக்கலாம். கணபதிப்பிள்ளை என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் கே, சி, ஜி என்ற மூன்று எழுத்திலும் தொடங்கி எழுதியதைக் காணலாம், "பிள்ளை" தனியாகப் பிரிந்து குடும்பப் பெயராகி நிற்பதும் உண்டு. கப்பலில் ஏறிய பலர் ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு மேல், பழைய கையெழுத்தை இன்றைக்கு வாசித்துத் தட்டச்சு செய்தவர்களுக்குத் தமிழ்ப் பெயர்கள் பழக்கமில்லை. ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒன்று ஒருவரும் வரமாட்டார், அல்லது தவறான ஆளை உங்கள் பெரியப்பப்பா என்று நம்பிவிடுவீர்கள். இரண்டாவதுதான் ஆபத்து. ஒருவரைத் தவறாகச் சேர்த்தால் அவருடைய பிள்ளை குட்டி எல்லாம் உங்கள் சொந்தமாகிவிடும், அதை நாலு பேர் பிரதி எடுத்துவிடுவார்கள், பிறகு திருத்தவே முடியாது.

அவருடைய பிறந்த வருடமும் மாதமும், அப்பாவின் முழுப் பெயர், அப்பாவின் தொழில், அம்மாவின் பெயர், பிறந்த ஊர், இவை கையில் இருந்தால் கதை வேறு. 1921 படிவத்தில் வயதும் மாதமும் இருக்கிறது, பொருத்திப் பார்க்கலாம். 1939 இல் பிறந்த திகதி இருக்கிறது, பொருத்தலாம். அவர் அங்கே கல்யாணம் செய்திருந்தால் இங்கிலாந்துத் திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் தொழிலும் எழுதுவார்கள், அதையும் பொருத்தலாம். ஆக, அங்கே தேடுவதற்குத் தேவையான திறப்பு இங்கே, திருகோணமலையில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இலங்கையில் நவீன முறையில் குடிசன மதிப்பு 1871 இல் தொடங்கியது. பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை 1921 வரை ஒழுங்காக நடந்தது. 1931 இல் பணமுடையால் சுருக்கமாக முடித்தார்கள், பிறகு 1946, 1953, 1963, 1971, 1981. 1991 இல் யுத்தம், எடுக்கவில்லை. 2001 இல் நம் மாவட்டத்தில் முழுமையாக எடுக்க முடியவில்லை. பிறகு 2012, கடைசியாக 2024. 2024 கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவரத் தொடங்கியபோது "பெயர் பார்க்கலாமா" என்று பலர் கேட்டார்கள். வெளியிடுவது எண்ணிக்கை மட்டும். எத்தனை ஆண், எத்தனை பெண், எந்த இனம், எந்த மதம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, இவ்வளவுதான். வீடு வீடாக எழுதும் தனிமனித விபரம் சட்டப்படி இரகசியம். இங்கிலாந்தில் நூறு வருடம், அமெரிக்காவில் 72 வருடம், கனடாவில் 92 வருடம் கழித்துத் திறப்பதுபோல இங்கே திறந்து வைக்கும் ஏற்பாடு இல்லை. பழைய 1871 தொடக்கம் வந்த அறிக்கைகளும் அப்படித்தான், எண்ணும் விவரணையும் உண்டு, ஆட்களின் பெயர்ப்பட்டியல் இல்லை.

ஆனால் அந்த அறிக்கைகளைத் தள்ளிவிடாதீர்கள். 1901 கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். அந்தக் கால இலங்கையின் மக்கள், சாதி, மொழி, நோய், தொழில் எல்லாம் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் வாசிக்கத் தகுந்தது. 1911 இல் டென்ஹாம் என்பவர் பொறுப்பாக இருந்தார், அந்த முறை ஊர்வாரியான எண்ணிக்கையைத் தனித் தொகுதியாகவே அச்சிட்டார்கள். உங்கள் பூட்டன் திரியாயில் இருந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள், அந்தக் காலத்தில் திரியாயில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தால் தேடலின் அளவு புரியும். சின்ன ஊர் என்றால் அதே பெயரில் இரண்டு பேர் இருப்பதற்கான வாய்ப்புக் குறைவு, பெரிய ஊர் என்றால் கவனம் தேவை. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணத் தொடங்கியதும் 1911 இல்தான். உங்கள் குடும்பத்தில் ஒரு கிளை வேலை தேடி இந்தியாவில் இருந்து வந்தது என்ற பேச்சு இருந்தால் இந்த வருடம் ஒரு எல்லைக்கல்.

பெயர் வேண்டுமென்றால் பிறப்புப் பதிவுதான் முதல் இடம், இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். இலங்கையில் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கியது. நூற்றாண்டின் கடைசியில் சட்டம் இறுக்கமானது. ஆகவே 1890களில் பிறந்த ஒருவருக்குப் பதிவு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் நேரே அவரைத் தேடாதீர்கள். உங்களில் இருந்து தொடங்குங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து முழுதாக வாசியுங்கள், பலர் பெயர், திகதி தவிர வேறொன்றையும் வாசித்திருக்க மாட்டார்கள். அதில் தகப்பனின் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் இருக்கும். தாயின் விபரமும் அப்படியே. அதற்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரின் விபரம் கேட்கும் இன்னொரு கூடும் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் ஒருவரின் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது, அந்தக் கேள்விதான் பிறப்புப் பதிவிலும் இப்படி வந்து நிற்கிறது. லட்சக்கணக்கான மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் அது. அந்த அநியாயத்தின் அடையாளமாக நிற்கும் கூடு, குடும்பம் தேடுகிற நமக்கு இன்றைக்கு ஒரே தாளில் மூன்று தலைமுறையைத் தருகிறது.

அதாவது உங்கள் அப்பாவின் சான்றிதழ் 1950களின் நடுவுக்குப் பிறகு எழுதியது என்றால் அதில் அவருடைய பாட்டன், அதாவது உங்கள் பூட்டன், பெயரோடும் ஆண்டோடும் ஊரோடும் இருக்க வேண்டும். அந்தப் பூட்டன்தான் கப்பலில் போனவரின் தகப்பன். பாருங்கள், இங்கிலாந்துக்குப் போகாமலே அவருடைய தகப்பன் பெயர் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு முந்திய படிவங்களில் இந்தக் கூடு இல்லை, ஆனால் தகப்பனின் தொழில் இருக்கும், தாயின் கல்யாணத்துக்கு முந்திய பெயர் இருக்கும், தகவல் கொடுத்தவர் யார் என்று இருக்கும். தகவல் கொடுத்தவரை விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் தாய்மாமனாகவோ பாட்டியாகவோ இருக்கும், ஒரு புதுச் சொந்தம் அங்கே நிற்கும்.

பதிவை எடுப்பதில் சில விஷயங்கள். பிறப்பு எந்தப் பிரிவில் நடந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம்தான் பதிவு, வீடு எங்கே இருந்தது என்பதல்ல கணக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம், ஆகவே மூத்த பிள்ளையின் பதிவைத் தாயின் ஊரில் தேடுங்கள், தம்பலகாமமோ மூதூரோ யாழ்ப்பாணமோ. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட பிறகு நகரத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் வெளியூருக்குப் போயின. அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் பதிவு எதிர்பாராத இடத்தில் கிடைக்கும். பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். பதிவு இலக்கம் தெரிந்தால் சுலபம், தெரியாவிட்டால் ஒரு கால எல்லையைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். எண்பத்தைந்தில், தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது சான்றிதழ் போய்விட்டது என்று மனம் விட்டுவிடாதீர்கள், சுனாமியில் போனவர்களும் அப்படியே. வீட்டுப் பிரதி போனாலும் பதிவேடு வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே இல்லை என்று சொன்னால் கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவணக் காப்பறையில் இரண்டாம் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பதிவில் பெயர்க் கூடு வெறுமையாகவும் இருக்கலாம், பிள்ளைக்குப் பெயர் வைக்க முன்னரே பதிந்துவிடுவார்கள். அப்போது தாய் தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவருடைய பதிவு கிடைக்கவே இல்லை என்றால் கூடப் பிறந்தவர்களின் பதிவை எடுங்கள், தாய் தகப்பன் ஒன்றுதானே.

அடுத்தது காணி உறுதி. ஒரு பழைய உறுதியை எடுத்து அட்டவணையை வாசித்துப் பாருங்கள். வடக்கே இன்னார் காணி, கிழக்கே இன்னாரின் உரிமையாளர் காணி, தெற்கே ஒழுங்கை என்று நாலு எல்லையிலும் அயலவர் பெயர் இருக்கும், அந்த அயலவர் பாதிப் பேர் சொந்தக்காரர். இந்தக் காணி எனக்கு எப்படி வந்தது என்று எழுதும் பகுதிதான் இன்னும் பெறுமதி. இன்ன வருடம் இன்ன நொத்தாரிசு எழுதிய இன்ன இலக்க உறுதிப்படி என்று முந்திய உறுதியைச் சொல்லும், அதைப் பிடித்து அதற்கு முந்தியதுக்குப் போகலாம், அப்படியே பின்னோக்கி. திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவுப் பக்கத்தைப் பார்த்தால் கை மாறியது வரிசையாகத் தெரியும். முதுசம் என்று எழுதியிருந்தால் தகப்பன் வழி. சீதன உறுதி என்றால் பெண் வழி. நம் பக்கத்தில் வீடுவளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். வேறு எந்த ஆவணத்திலும் "இன்னாரின் மனைவி" என்று மறைந்துபோகிற பெண்கள் சீதன உறுதியில் சொந்தப் பெயரோடு, தாயின் பெயரோடு நிற்பார்கள். அம்மம்மா, அவருடைய அம்மா என்று தாய்வழியில் பின்னோக்கிப் போக இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது. குடும்பம் தேடுகிறவர்கள் எல்லோரும் ஆண் வழியை மட்டும் துரத்துவது எனக்கு வருத்தம். கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டக் காணி என்றால் உறுதி இருக்காது, அனுமதிப்பத்திரம் இருக்கும், அதில் பின்னுரித்தாளர், அதாவது காணி அடுத்து யாருக்குப் போக வேண்டுமோ அவர், பெயர் இருக்கும், அதையும் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பாடசாலைகளின் சேர்விடாப்பில் பிள்ளையின் பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், முன்பு படித்த பாடசாலை எல்லாம் இருக்கும். புனித சூசையப்பர் கல்லூரி 1867 இல் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள், எத்தனை தலைமுறைப் பெயர்கள். வேதக்காரக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அரசாங்கப் பதிவுக்கும் முந்திப் போகும், மெதடிஸ்த மிஷன் இலங்கைக்கு வந்தது 1814 இல். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசலில் உள்ள திருமணப் பதிவுகளைக் கேட்க வேண்டும். சைவக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை, கோயில் உபயகாரர் பட்டியல்தான் கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்தினுடையது என்று தலைமுறை தலைமுறையாக வரும். கோணேசர் கோயிலைப் பற்றிய பழைய நூலான கோணேசர் கல்வெட்டில் வரும் தானத்தார், வரிப்பத்தார் என்ற கோயில் தொழும்புக் கூட்டங்களின் மரபோடு தங்களைச் சேர்த்துச் சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. அது ஒரு கூட்டத்தின் மரபு, அதை வைத்து ஒரு தனி ஆளில் இருந்து இன்னொரு தனி ஆளுக்குக் கோடு இழுக்க முடியாது. நடுவில் பல நூறு வருடம் வெறுமையாக இருக்கும், அதை வெறுமையாகவே விடுங்கள்.

நம்மிடம் மட்டுமே உள்ள ஒரு ஆவணம் இருக்கிறது. செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு, நினைவு மலர். இறந்தவரின் தாய் தகப்பன், சகோதரர், மைத்துனர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் முறையோடு எழுதியிருப்பார்கள், சிலவற்றில் வம்சாவழிப் படமே இருக்கும். வீட்டு அலுமாரிகளில் இவை தூசி பிடித்துக் கிடக்கின்றன. நூலகம் என்ற இணையத் தளத்தில் நிறைய நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும் ஊர் மலர்களும் மின்வருடி ஏற்றியிருக்கிறார்கள், இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அவர்களுக்குப் போட்டோ எடுத்தாவது கொடுங்கள்.

பூட்டன் கொஞ்சம் படித்தவர், அல்லது காணி பூமி உள்ளவர் என்றால் இலங்கை அரச வர்த்தமானியைப் பாருங்கள். 1802 இல் இருந்து வருகிறது. யூரிமார் பட்டியல் அதில் மாவட்ட வாரியாக, பெயரோடும் தொழிலோடும் ஊரோடும் அச்சாகும். உடையார், விதானை, பதிவாளர் நியமனங்கள், இறந்தவரின் சொத்து வழக்கு அறிவித்தல்கள் எல்லாம் வரும். கச்சேரியின், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தின், பழைய ஆவணங்களும் உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அங்கே கேட்கும்போது மட்டக்களப்பையும் சேர்த்துக் கேளுங்கள், வெள்ளைக்காரன் காலத்தின் பின்பகுதியில் கிழக்கு மாகாண அரசாங்க அதிபர் மட்டக்களப்பில் இருந்தார், திருகோணமலையில் இருந்தது உதவி அரசாங்க அதிபர். இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரரை உதவிக்குப் பிடித்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் போய்த் தேடி நாளைப் போக்க வேண்டாம். இலங்கை 1802 இல் இருந்து தனி முடிக்குரிய குடியேற்ற நாடு, அதன் கடிதங்களும் வர்த்தமானிகளும் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற நாட்டு அலுவலகத் தொகுதிகளில் இருக்கின்றன. கடிதங்கள் சி.ஓ. 54, வர்த்தமானி சி.ஓ. 58.

இவ்வளவும் செய்து பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு கைக்கு வந்த பிறகு கணினியைத் திறந்து 1921 க்குப் போங்கள். பெயரில் தொடங்காமல் பிறந்த இடத்தில் தொடங்குங்கள். திருகோணமலை என்று எழுதியவர்கள் சிலர், சிலோன் என்று மட்டும் எழுதியவர்கள் பலர், இந்தியா என்று எழுதிவிட்டவர்களும் உண்டு. ஆண், வயதில் இரண்டு வருடம் முன்பின், பிறந்த இடம் சிலோன் என்று கொடுத்துவிட்டு வருகிற பட்டியலைக் கண்ணால் பாருங்கள். பெயரைப் போடும்போது முதல் இரண்டு மூன்று எழுத்துக்குப் பிறகு நட்சத்திரக் குறி போடுங்கள். பட்டியலைப் பார்ப்பது இலவசம், படிவத்தைத் திறக்கத்தான் காசு, ஆகவே பொருத்தம் பார்க்காமல் திறக்காதீர்கள். கியூவில் நேரே போய்ப் பார்த்தால் இலவசம், அங்கே இருக்கும் மருமகனோ மருமகளோ ஒரு நாள் போகலாம்.

கப்பல்காரர் என்றால் வீட்டுப் படிவத்தில் மட்டும் தேடக்கூடாது. அன்றிரவு துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குத் தனிப் படிவம் கொடுத்து எழுதினார்கள். கரையில் இருந்தவர்கள் லண்டனில் பொப்லார், லைம்ஹவுஸ், கானிங் டவுன் பக்கமும், கார்டிஃப், லிவர்பூல், சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகப் பகுதிகளிலும் விடுதிகளில் இருந்தார்கள். லைம்ஹவுசில் ஆசியக் கப்பல்காரருக்கென்று 1857 இல் இருந்து ஒரு பெரிய விடுதியே இருந்தது. இவற்றை எல்லாம்விட உங்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது 1918 இல் இருந்து 1921 வரை வணிகக் கப்பல் ஊழியருக்காக எழுதிய அட்டைகள். பெயர், பிறந்த இடம், பிறந்த ஆண்டு, உயரம், உடலில் உள்ள அடையாளம், பல அட்டைகளில் போட்டோ. சவுதாம்டன் ஆவணக் காப்பகத்தில் அசல் இருக்கிறது, இணையத்திலும் தேடலாம். அப்பப்பாவின் முகத்தை அறிந்தவர் உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கும்போதே அந்தப் போட்டோ கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. 1925 இல் வெள்ளையர் அல்லாத கப்பல்காரர், தாங்கள் பிரிட்டிஷ் பிரஜை என்று நிரூபிக்க முடியாவிட்டால் பொலிசில் வெளிநாட்டவராகப் பதிய வேண்டும் என்று ஒரு கட்டளை வந்தது. அவர் அதற்குப் பிறகும் அங்கே இருந்திருந்தால் அந்த வழியிலும் ஒரு தடம் இருக்கக்கூடும்.

இங்கிலாந்தில் இல்லை என்றால் அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம். இங்கிலாந்தில் இருந்து புறப்பட்ட பயணிகள் பட்டியல் 1890 இல் இருந்து 1960 வரை இருக்கிறது. கனடாவின் 1931 கணக்கெடுப்பு 2023 ஜூன் 1 இலும் அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 இலும் திறந்தாயிற்று, இரண்டும் அந்தந்த அரசுத் தளங்களில் இலவசம். கனடாவுடையதில் எந்த வருடம் நாட்டுக்குள் வந்தார், தாய்மொழி என்ன, மதம் என்ன என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது வேலை ஒழுங்கு. இந்தக் கிழமையே குடும்பத்தில் வயதில் மூத்தவரைப் போய்ப் பாருங்கள், அப்பாவின் அக்காவோ சித்தப்பாவோ யார் இருக்கிறார்களோ. "பூட்டன் பெயர் என்ன" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். அதற்குப் பதிலாக, யாருடைய திவசத்துக்கு எந்தத் திதியில் சமைப்பீர்கள், பேரப்பிள்ளைக்கு அந்தப் பெயர் யாருடைய பெயரைப் பார்த்து வைத்தது, கல்யாணத்துக்கு எந்த வீட்டுக்கு முதலில் வெற்றிலை கொண்டுபோய்ச் சொல்வார்கள், கப்பலில் போனவர் கடைசியாக யாருக்குக் கடிதம் போட்டார் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்துவிடுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பிறகு சான்றிதழ்கள், அதற்குப் பிறகு உறுதிகள், கடைசியில் இங்கிலாந்து.

எழுதி வைக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள், பிறப்புப் பதிவு என்றால் இலக்கம், வாய்ச்சொல் என்றால் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார். வாய்ச்சொல்லைப் பென்சிலாலும் ஆவணத்தில் கண்டதைப் பேனாவாலும் எழுதினால் பிறகு குழப்பம் வராது. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் அடையாள அட்டை விபரத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டாம். உங்கள் அப்பாவின் சான்றிதழில் பாட்டனார் கூட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, ஊர்ப் பெயர் எதுவோ அதைப் பொறுத்து எந்தப் பதிவாளர் பிரிவில் தொடங்குவது என்று சொல்கிறேன்.